சில்லு அளந்த தாளில் ஒரு வெற்றுக் கட்டம்

அந்தத் தாளை நான் இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் கராஜ் வாசலில் நின்றபடி. இரண்டாம் தரம் வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு. மகளின் வண்டியில் நான்கு சில்லுகளும் எத்தனை பாகை, பாகைக்குள் எத்தனை கலை சரிந்தும் திரும்பியும் நிற்கின்றன என்று அதில் அச்சடித்திருந்தது. யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். ஜெர்மனிக்கு வந்தபின் பாகையும் கலையும் எனக்கு எந்த வேலைக்கும் உதவியதில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் யாரும் கோணம் பார்த்து உருளைக்கிழங்கு வெட்டுவதில்லை. அதனால் அந்தத் தாளை என்னால் வாசிக்க முடிந்தபோது எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

எண்கள் எல்லாம் பச்சைக் கட்டங்களுக்குள் இருந்தன. ஒரேயொரு வரியில் எண் இல்லை. 'நாக்லவுஃப்' என்று அந்த வரிக்குப் பெயர். அதற்கு நேரே ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது.

அந்தக் கோட்டை நான் காணவில்லை என்று சொன்னால் பொய். கண்டேன். கண்டுவிட்டு, இது எங்களுக்குப் பொருந்தாதது என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்லவேண்டும். நாங்கள் அகதியாக வந்து முதல் விண்ணப்பத்தை நிரப்பியபோது, எங்களுக்கு முன்பே வந்திருந்த ஒரு தமிழ் அக்கா பக்கத்தில் இருந்து உதவினார். காணி இருக்கிறதா, பங்குகள் இருக்கின்றனவா, வேறு நாட்டு ஓய்வூதியம் வருகிறதா என்று கேள்விகள். எங்களிடம் இருந்தது இரண்டு பைகளும் ஐந்து வயதுப் பிள்ளையும். நான் கட்டங்களை வெறுமையாக விட்டுக்கொண்டே போனேன். "வெறுமையா விடாதேங்கோ, மறந்துபோனீங்கள் எண்டு திருப்பி அனுப்புவாங்கள். கோடு இழுங்கோ. கோடு எண்டால் எங்களுக்குப் பொருந்தாது எண்டு அர்த்தம்," என்றார் அக்கா. அன்றிலிருந்து பதினெட்டு வருடம் கோடு இழுத்திருக்கிறேன். வதிவிட அனுமதிக்கு, வேலை அனுமதிக்கு, பிள்ளைக் காசுக்கு, கடைசியாகக் குடியுரிமைக்கு. புதிதாக வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கோட்டைக் கண்டால் என் கண் நிற்காது, அடுத்த வரிக்குப் போய்விடும்.

நாங்கள் பான் நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் இருக்கிறோம். எங்கள் ஆட்களின் பிள்ளைகள் வங்கியிலும் மருந்துக்கடையிலும் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தபோது, எங்கள் ஒரே மகள் தோட்டமும் நடைபாதையும் அமைக்கும் தொழிலைப் பழகினாள். பழகி முடித்து, கூடப் படித்த ஒரு பெண்ணோடு சேர்ந்து சொந்தமாகத் தொடங்கினாள். கல்லும் மண்ணும் ஏற்ற, சிறிய கிடங்கு வெட்டும் இயந்திரத்தை இழுக்க, பலமான வண்டி வேண்டும் என்றாள். தெற்கே படைமுகாமில் இருந்து ஊருக்குத் திரும்பவிருந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயிடம் அவனுடைய பிக்கப்பை வாங்கினாள். அது எங்கள் தொடர்மாடிக்கு முன்னால் வந்து நின்றபோது பக்கத்து வீட்டுக் காரின் கூரை அதன் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. என் கணவர் பல்கனியில் நின்று பார்த்தார்.

"உது வாகனமோ? அகதி முகாமிலை எங்கள் மூண்டு பேருக்கும் தந்த அறை உதைவிடச் சின்னன்."

"அப்ப உதுக்குள்ளை குடியிருங்கோவன்," என்றாள் மகள் கீழே நின்று.

"வாடகை குறையெண்டால் யோசிக்கலாம்."

அன்று மூன்று பேரும் சிரித்தோம்.

அந்த வகை வண்டிகள் வெறுமையாக நிற்கும்போது பின்பக்கம் உயர்ந்து, மூக்குத் தாழ்ந்துதான் நிற்குமாம். பாரம் ஏற்றினால் பின்பக்கம் இறங்கி நேராகும். அது வண்டியைச் செய்தவர்கள் யோசித்துச் செய்தது. அந்தச் சிப்பாய்க்கு அது அழகாகத் தெரியவில்லை. முன் ஸ்பிரிங்குகளுக்கு மேல் வட்டத் துண்டுகள் வைத்து முன்பக்கத்தை ஐந்து சென்ரிமீற்றர் உயர்த்தி, வண்டியை மட்டமாக நிறுத்தியிருந்தான். இந்த நாட்டில் அப்படி ஒரு மாற்றம் செய்தால் வாகனப் பத்திரத்தில் பதியவேண்டும். பதிவதற்குச் சில்லுகளை அளந்து நேராக்கிய தாள் வேண்டும். அதற்காகத்தான் எங்கள் ஊர்க் கராஜுக்குப் போனோம்.

அங்கே இருந்த மெக்கானிக் நல்ல மனிதர். கார்கள் ஏற்றும் மேடையில் பிக்கப் மட்டுமட்டாகத்தான் நின்றது. ரயர்கள் இரண்டு பக்கமும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. மகள் வேலைக்குப் போய்விட்டதால் நான்தான் காத்திருந்து தாளை வாங்கினேன். சோதனை நிலையத்தில் அதைப் பார்த்து முத்திரை குத்தினார்கள். நான் ஒரு பிரதி எடுத்து வண்டிக்குள் வைத்தேன். மூலத்தை ஃபைலில் போட்டேன். எனக்கு அந்த அலுவல் அதோடு முடிந்துவிட்டது.

மகளுக்கு முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது முதல் தரம் சொன்னாள். "அம்மா, பாரத்தோடை போகேக்கை பறவாயில்லை. இறக்கிப்போட்டு வரேக்கை முன்பக்கம் மிதக்கிற மாதிரி இருக்கு. திருப்பிப்போட்டு ஸ்ரேரிங்கை விட்டால் தானா நடுவுக்கு வருதில்லை."

"புது வாகனம். கை பழகவேணும்," என்றேன். நான் ஒரு நாளும் கார் ஓட்டியதில்லை.

இரண்டாம் தரம், தெருவில் ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியதும் ஸ்ரேரிங் இரண்டு மூன்று செக்கன் உதறியதாகச் சொன்னாள். நான் எழுந்து போய் ஃபைலை எடுத்துவந்து தாளை அவளுடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இஞ்சை பார். எல்லாம் பச்சை."

"தாளே அம்மா ஓடுது? நான்தானே ஓடுறன்."

"அப்ப நீ ஓடுறதிலைதான் பிழை."

விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று பிறகு கணவரிடம் சொன்னேன். விளையாட்டாகச் சொல்லவில்லை.

மூன்றாம் தரம் ஊன்ட்றொப் அம்மன் கோயில் திருவிழாவுக்கு முந்தின கிழமை. எங்கள் ஊர்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு நாள் அன்னதானத்துக்குப் பொறுப்பெடுத்திருந்தோம். பெரிய கிடாரங்கள், காஸ் அடுப்புகள், கூடாரத் தடிகள், அரிசி மூட்டைகள் எல்லாம் கொண்டுபோகவேண்டும். வேறு வருடங்களில் வாடகைக்கு வான் எடுப்போம். இந்த வருடம் நான் தொலைபேசியில், "வான் ஏன்? என்ரை மகளிட்டைப் பெரிய பிக்கப் நிக்குது. நாங்கள் கொண்டுவாறம்," என்று சொல்லிவிட்டேன். தோட்ட வேலைக்காரி என்று அவளைப் பற்றி யார் யார் என்ன கதைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வண்டியில் அவள் கோயில் வாசலில் வந்து இறங்குவதை அவர்கள் பார்க்கவேண்டும் என்று நான் விரும்பினேன்.

"அம்மா, இந்த நிலைமையிலை ஓட்டோபானிலை, அந்த வேகத்திலை கொண்டுபோக எனக்கு மனமில்லை. முதல்லை ஒருக்காக் காட்டுவம். வேறை இடத்திலை."

"சாமி காரியம். வாக்குக் குடுத்திட்டன்."

"வான் ஒண்டு எடுப்பம். நான் ஓடுறன்."

"சோதிச்சு முத்திரை குத்தின வாகனம் வீட்டு வாசலிலை நிக்க வான் எடுக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?"

அவள் எழுந்து கதவடிக்குப் போனாள். பிறகு, "சரி," என்றாள்.

போகும்போது ஒன்றும் நடக்கவில்லை. பின்னுக்கு அவ்வளவு பாரம். வண்டி ரயில் மாதிரி ஓடியது. கோயிலுக்குக் கிட்ட வந்தபோது, "பாத்தியே?" என்று கேட்டேன். கிடாரங்களை இறக்க ஆட்கள் ஓடிவந்தார்கள். "அட, இவ்வளவு பெரிசை இந்தப் பிள்ளையே ஓடிவந்தது?" என்று ஒரு அண்ணை கேட்டார். நான் எதிர்பார்த்தபடியே எல்லாம் நடந்தது.

அடுத்த நாள் பின்னேரம் நானும் அவளும் மட்டும் திரும்பினோம். பாத்திரங்களை அங்கேயே அடுத்த ஊர்க்காரருக்கு விட்டுவிட்டோம். வண்டி வெறுமை. நல்ல வெயில். நான் மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு யார் யார் வந்திருந்தார்கள் என்று கதைத்துக்கொண்டிருந்தேன். அவள் இரண்டு கையாலும் ஸ்ரேரிங்கைப் பிடித்திருந்தாள். வலது ஓடுபாதையை விட்டு விலகாமல், லொறிகளுக்கு நடுவில், அவற்றின் வேகத்திலேயே வந்தாள். "ஏன் இப்பிடி ஊர்ந்து போறாய்?" என்றுகூடக் கேட்டேன்.

மலைப்பாங்கான இடத்தில் ஓர் உயரமான பாலம். பாலம் தொடங்கும் இடத்தில் தெருவுக்குக் குறுக்கே இரும்பு இணைப்பு இருக்கும். சில்லு அதில் ஏறியபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. யாரோ வண்டியின் முன்பக்கத்தைக் கையால் பிடித்து, இடமும் வலமும் கோபத்தோடு அடிப்பது போல இருந்தது. கண்ணாடிக்கு வெளியே எல்லாம் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. என் பற்கள் அடித்துக்கொண்டன. ஸ்ரேரிங் அவளுடைய கைகளுக்குள் நிற்கவில்லை. அவள் கத்தவில்லை. நான் கத்தினேன். பிறேக்கை அழுத்து என்று கத்தினேனாம். அவள் அழுத்தவில்லை. காலை எடுத்துவிட்டு வேகம் விழும்வரை பிடித்துக்கொண்டே இருந்தாள். என் பக்கக் கண்ணாடி உடைந்து போனது. கதவு முழுவதும் பாலத்தின் தடுப்பில் உரசிக்கொண்டு வந்தது. தடுப்புக்கு அப்பால் மரங்களின் உச்சிகள் தெரிந்தன. அடியைக் காணவில்லை. பின்னால் வந்த லொறி நீளமாக ஹோர்ன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போனது. அந்தக் காற்றுக்கு வண்டி ஒரு தரம் அசைந்து நின்றது.

என் மடியில் இருந்த சோறு காலடியில் கொட்டியிருந்தது. அவள் இடது கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஸ்ரேரிங் சுற்றி அடித்ததில் பெருவிரல் பின்னுக்கு மடங்கி எலும்பு உடைந்திருந்தது. அப்போது அது எங்களுக்குத் தெரியாது.

"நான் மூண்டு தரம் சொன்னனான்," என்றாள்.

கத்திச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பியும் சொல்லவில்லை.

பொலிஸ்காரர் வந்தார். அவர் முதலில், "யாருக்கும் காயமா?" என்றுதான் கேட்டார். நான் அதற்குள் முன்பெட்டியைத் திறந்து தாளின் பிரதியை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டேன். எல்லாம் சரி, அளந்திருக்கிறோம், முத்திரை இருக்கிறது என்று சொன்னேன். மகள் உடைந்த விரலோடு என்னைப் பார்த்தாள். அந்தப் பொலிஸ்காரரின் முகம் எனக்கு இப்போது நினைவில் இல்லை. அவள் பார்த்த பார்வை இருக்கிறது.

ஏழு கிழமை கையில் கட்டு. அவளுடைய கூட்டாளிப் பெண் தனியாக வேலை செய்தாள். எனக்கு நித்திரை ஒழுங்காக வரவில்லை. முதியோர் இல்லத்தில் சாப்பாட்டுத் தள்ளுவண்டி வாசற்படியில் ஏறும்போது 'டக்' என்று கேட்டால் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இப்போதும் அப்படித்தான். பிக்கப்பைப் பாரவண்டியில் ஏற்றித் தெற்கே, அந்த முகாம் இருக்கும் ஊருக்கு அனுப்பினாள். அங்கே அமெரிக்கர்களின் வண்டிகளை முப்பது வருடமாகத் திருத்தும் ஒரு ஜெர்மன்காரர் இருக்கிறார் என்று தானே விசாரித்து அறிந்திருந்தாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வண்டியை எடுக்கப் போகும் நாளில், "நீங்கள் வரத் தேவையில்லை," என்றாள். நான் அவளுக்குப் பின்னால் போய் ரயிலில் ஏறினேன்.

அந்த மனிதருக்கு அறுபது வயதிருக்கும். நான் கொண்டுபோன பழைய தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கறுத்த விரலை நேரே அந்தக் கோட்டில் வைத்தார்.

"இதை அளக்கவில்லை."

"எங்கள் வண்டிக்கு அது பொருந்தாது என்று நினைத்தேன்," என்றேன் ஜெர்மனில்.

அவர் பெரிதாகச் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "அம்மா, திருப்புகிற சில்லு இருந்தால் இது இருக்கும். சைக்கிளுக்கும் இருக்கும்."

பிறகு கைகளால் காட்டி விளக்கினார். சில்லைத் திருப்பும் அச்சு நிமிர்ந்து நிற்கக்கூடாது. மேல்நுனி கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுக்குத்தான் நாக்லவுஃப் என்று பெயர்; அதுதான் சில்லை நேராக ஓடவைக்கிறது, திருப்பிய ஸ்ரேரிங்கை நடுவுக்குக் கொண்டுவருகிறது. கடைகளில் தள்ளுவண்டியின் முன்சில்லு சிலவேளை பைத்தியம் பிடித்தது போல உதறுவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான் உங்களுக்குப் பாலத்தில் நடந்தது என்றார். முன்பக்கத்தை உயர்த்தியதில் இரண்டு சில்லுகளையும் தாங்கும் பெரிய அச்சு உருண்டு அந்தச் சாய்வு போய்விட்டது. அச்சைக் குறுக்கே பிடித்திருக்கும் தண்டின் ரப்பரும் தேய்ந்திருந்தது. அந்தச் சாய்வை அளக்கச் சில்லைச் சுழலும் தட்டுகளில் வைத்து இரண்டு பக்கமும் திருப்பவேண்டும். இந்த அகல ரயர் சிறிய கராஜின் தட்டில் திரும்பியிருக்காது. உங்கள் ஊர் மெக்கானிக் அதை அளக்காமல் விட்டிருப்பார், இயந்திரம் கோடு போட்டிருக்கும்.

"அவர் உங்களுக்குச் சொல்லவில்லையா?"

"நான் கேட்கவில்லை," என்றேன்.

அன்று அவர் கடைசித் தரம் அளந்தார். வண்டியை வெறுமையாக நிறுத்தி, ரயர்களில் காற்றுப் பார்த்து, மகளை ஓட்டுநர் இருக்கையில் இருக்கச் சொன்னார். "நீ எப்படி ஓட்டுவாயோ அப்படி அளக்கவேண்டும்." இடப்பக்கம் திருப்பு, வலப்பக்கம் திருப்பு, நடுவில் நிறுத்து என்றார். அவள் கட்டு அவிழ்த்த கையால் மெதுவாகத் திருப்பினாள். திரையில் எண் வந்தது. நான்கு பாகை. திருத்துவதற்கு முன் ஒரு பாகை இருந்ததாம். வித்தியாசம் மூன்று பாகை. பாகைமானியை மூன்று பாகை பிழையாக வாசித்த பிள்ளைகளுக்கு, வழி சரி என்று நான் அரைப் புள்ளி கொடுத்திருக்கிறேன்.

ஓடிப் பார்க்க அவரும் அவளும் போனார்கள். "நானும் வரட்டே?" என்று கேட்டேன். "வேண்டாம்." அரை மணித்தியாலம் கராஜ் வாசலில் நின்றேன். திரும்பி வந்ததும் அவள் அவரிடம் சொல்லத் தொடங்கினாள். எண்பதில் எப்படி இருந்தது, நூறில் எப்படி, தண்டவாளத்தைக் கடந்தபோது ஒரு தரம்தான் அதிர்ந்து அடங்கியது, நேரே போகும்போது ஸ்ரேரிங் கொஞ்சம் வலப்பக்கம் திரும்பி நிற்கிறது, வெறும் நினைப்பாகவும் இருக்கலாம். அவர், "நினைப்பென்றாலும் சொல், பார்ப்போம்," என்று திரும்பவும் மேடையில் ஏற்றினார். அரை விரல் அளவு இருந்ததாம். சரி செய்தார். அவள் அவ்வளவு கதைத்து நான் கன நாள் கேட்கவில்லை.

"இப்ப எப்பிடி?" என்று நான் கேட்டேன்.

"நல்லம்."

"இனி ஏதும் ஆடினால் எனக்குச் சொல்லு, என்ன?"

"ஆடினால் இவருக்குச் சொல்லுவன், அம்மா."

அதில் கோபம் இல்லை. சரியான பதில்தான் அது. "ஓம்," என்றேன். என்னை ரயிலில் போகச் சொன்னாள். முதல் நாள் தனியாக ஓடிப் பார்க்கவேண்டும் என்றாள். அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை எனக்குக் கணவர்தான் அழைத்துச் சொன்னார். ரயில் அப்போது பாதி வழியில் நின்றது.

அது நடந்து இரண்டு வருடமாகிறது. வண்டி ஓடுகிறது. மகளுக்கும் கூட்டாளிப் பெண்ணுக்கும் நிறைய வேலை. இப்போது தனி வீட்டில் இருக்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். வண்டி எப்படி என்று கேட்டால் நல்லம் என்பாள். வேலை எப்படி என்று கேட்டாலும் நல்லம்தான். முதுகு நோகிறதா என்று கேட்டாலும் அதே சொல். நல்லம் என்பதற்குள் என்ன இருக்கிறது என்று அறிய எனக்கு வழியில்லை. அவள் போய் ஒரு மணித்தியாலம் வரை நான் ஜன்னலை விட்டு நகர்வதில்லை.

போன ஞாயிறு நான் தேத்தண்ணி கொண்டு வந்தபோது அறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அவள் தகப்பனிடம், முன்பக்க வலது ரயர் உள்விளிம்பில் கொஞ்சம் தேய்கிற மாதிரி இருக்கிறது, திங்கட்கிழமை தெற்கே வண்டி திருத்திய அந்த மனிதருக்கு அழைக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்தினாள். எனக்கு உள்ளே போய், எந்த ரயர், எவ்வளவு, எப்போதிருந்து என்று கேட்கவேண்டும் போல இருந்தது. நான் போகவில்லை. கோப்பைகள் தட்டில் ஆடிச் சத்தம் போடாமல் இருக்கத் தட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை வெளியிலேயே நின்றேன்.